இரண்டு கையிலும் நாடி பாருங்கள்

கை குளிர்ந்து, விரல் வெளுத்து, பிடிமானம் தளர்ந்துபோனால் நெல்லைச் சீமையில் சொல்வது இரண்டில் ஒன்றுதான். "வாயு பிடிச்சிருக்கு" என்பார்கள், இல்லையென்றால் "நரம்புக் கோளாறு" என்பார்கள். எண்ணெய் காய்ச்சி நீவிவிடுவார்கள், ஒத்தடம் கொடுப்பார்கள், இரண்டு நாள் பார்ப்போம் என்று விட்டுவிடுவார்கள். பெரும்பாலானோருக்கு இதனால் பெரிய கெடுதல் வருவதில்லை. கை மரத்துப்போவதில் பெரும்பங்கு, கழுத்திலோ மணிக்கட்டிலோ நரம்பு அழுந்துவதாலும் சர்க்கரை நோயாலும் வருவதுதான். ஆனால் சிலருக்குக் கோளாறு நரம்பில் இல்லை. கைக்கு வரவேண்டிய ரத்தமே வந்து சேருவதில்லை. அவர்களுக்கு அந்த இரண்டு நாள் தாமதம் விரலைப் பறித்துவிடும். சில சமயம் கையையே பறித்துவிடும்.

தாமிரபரணி கடலில் கலக்கிற புன்னக்காயல் போன்ற ஊரில் கை போனால் பிழைப்பு போயிற்று. வலையைப் பிடித்து இழுப்பது, அறுந்த கண்ணியைக் கட்டுவது, பெட்டியில் ஐஸைப் போட்டு மீனை அடுக்குவது எல்லாமே பத்து விரலை நம்பிய வேலை. மருத்துவம் இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 16ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே, தமிழில் அச்சு நூல்களைக் கொண்டுவந்த ஹென்றீக்கஸ் அடிகளார் இங்கே ஊர் மக்களுக்காக ஒரு மருத்துவமனையை நடத்தியிருக்கிறார். ஆனால் அன்றைக்குக் கருத்துப்போன விரலுக்கு உலகம் முழுவதும் ஒரே வைத்தியம்தான் இருந்தது: வெட்டி எடுப்பது. கிழிந்த ரத்தக்குழாயை ஊசி நூலால் தைத்து மறுபடி ஓடவைக்கும் வித்தையை அலெக்சிஸ் காரெல் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1902இல்தான் வெளியிட்டார். அதற்காக 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று கையின் ரத்த ஓட்டக் குறைவில் ஏறக்குறைய ஒவ்வொரு வகைக்கும் சிகிச்சை இருக்கிறது. பிந்தி வருவதுதான் பெரிய தடை.

கைக்கு ரத்தம் போகும் வழியை நம் ஆற்றை வைத்தே சொல்லிவிடலாம். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியில் பிரிந்து, காறை எலும்புக்கு அடியில் நுழைந்து, அக்குள் வழியாக மேற்கையின் உட்புறம் இறங்குகிறது ஒரு தமனி. முழங்கைக்குச் சற்றுக் கீழே அது இரண்டாகிறது. கட்டைவிரல் பக்கம் போவது ரேடியல் தமனி, சுண்டுவிரல் பக்கம் போவது அல்னார் தமனி. ஸ்ரீவைகுண்டம் அணையில் தாமிரபரணித் தண்ணீர் வடகால், தென்கால் என்று பிரிவது மாதிரிதான் இது. ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. வடகாலும் தென்காலும் மறுபடி சேருவதில்லை. இந்த இரண்டு தமனிகளும் உள்ளங்கையில் வளைந்து வந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடுகின்றன. அந்த வளைவிலிருந்துதான் விரல்களுக்குக் கிளைகள் போகின்றன. அதனால் ஒரு கால் அடைத்தாலும் மறு கால் உள்ளங்கையை நனைத்துவிடும்.

இந்த ஏற்பாடு உங்கள் கையில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. 1929இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த எட்கர் ஆலன் சொன்னதன் திருத்திய வடிவம் இது. கையை இறுக்க மூடிக்கொள்ளுங்கள். இன்னொருவர் தம் கட்டைவிரல்களால் உங்கள் மணிக்கட்டின் இரு ஓரத்திலும் உள்ள இரண்டு தமனிகளையும் அழுத்திப் பிடிக்கட்டும். இப்போது கையைத் தளர்வாகத் திறங்கள். உள்ளங்கை வெளிறித் தெரியும். சுண்டுவிரல் பக்கத்து அழுத்தத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். ஐந்து, பத்து விநாடிக்குள் உள்ளங்கை முழுவதும் செம்மை படர வேண்டும். பதினைந்து விநாடி ஆகியும் வெளிறியே இருந்தால் அந்தப் பக்கத்துத் தமனியோ உள்ளங்கை வளைவோ சரியில்லை என்று பொருள். மறுமுறை கட்டைவிரல் பக்கத்தை விட்டுப் பாருங்கள். செலவில்லாத இந்தச் சோதனையைத்தான் மணிக்கட்டுத் தமனியில் குழாய் செலுத்துவதற்கு முன்னால் இன்றும் பல மருத்துவர்கள் செய்கிறார்கள்.

தோளையும் முழங்கையையும் சுற்றிக் கிளைக்குழாய்கள் நிறைய இருப்பதால், காலைவிடக் கையில் ரத்தத் தட்டுப்பாடு வருவது குறைவு. மெதுவாக வரும் அடைப்பை இந்தக் கிளைகள் வெகுநாள் ஈடுகட்டிவிடுகின்றன. நல்லதுதான், ஆனால் நோய் முற்றும்வரை வெளியே தெரியாமல் போவதற்கும் இதுவே காரணம். நரம்புக் கோளாறா, ரத்தக் குறைவா என்று பிரித்தறிய எளிய வழி இருக்கிறது. நரம்பு அழுந்திய கை மரத்திருந்தாலும் வெதுவெதுப்பாக இருக்கும், நாடி நன்றாகத் துடிக்கும். ரத்தம் குறைந்த கை மறு கையைவிடச் சில்லென்று இருக்கும், வெளுத்திருக்கும், நாடி மெலிந்திருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வேலை செய்தால் வலிக்கும், நிறுத்தினால் தணியும். வலை இழுக்கும்போது வலித்து, கையைத் தொங்கவிட்டதும் தணிகிற வலியை வயசாகிறது என்று தள்ளிவிடக் கூடாது. இடக்கை வலியோடு நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது இந்தச் சோதனைகளில் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

எல்லாவற்றிலும் அவசரமானது திடீர் அடைப்பு. நன்றாக இருந்த கை ஒரு நொடியில் சுரீரென்று வலித்து, வெளுத்து, சில்லிட்டு, நாடி நின்று, கொஞ்ச நேரத்தில் உணர்வும் அசைவும் குறைந்துபோகும். குழாயை அடைக்கும் ரத்தக்கட்டி பெரும்பாலும் கையில் உண்டாவதில்லை, இதயத்திலிருந்து புறப்பட்டு வருகிறது. சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்னும் நிறைய இருக்கிறார்கள். வால்வு சுருங்கினால் இதயத்தின் மேல் அறை விரிந்து, துடிப்பு தாறுமாறாகி, ரத்தம் அங்கே தேங்கிக் கட்டியாகும். அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு வந்து, முழங்கையில் தமனி இரண்டாகும் இடத்தில் சிக்கிக்கொள்ளும்.

இதற்கு இன்று உலகம் முழுவதும் செய்யும் சிகிச்சைக்குப் பின்னால், மீன்பிடிக்கிற ஒருவரின் கைவேலை இருக்கிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி நகர ஆஸ்பத்திரியில் சிறுவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் தாமஸ் ஃபோகார்ட்டி. கட்டியை எடுக்கக் கையையோ காலையோ நீளமாகப் பிளந்தும் பலர் உறுப்பை இழப்பதை அங்கே பார்த்துவந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது மெல்லிய குழாய் ஒன்றின் நுனியில், அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டிப் பலூனாகப் பொருத்திப் பார்த்தார். அன்றிருந்த பசை எதுவும் நிற்கவில்லை. தூண்டிலில் போலி ஈ கட்டிப் பழகிய விரல் அவருக்கு. அந்த முடிச்சைப் போட்டு நூலால் கட்டினார். நின்றது. 1963இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதி அறிவித்தார்.

வேலை செய்யும் விதம் இதுதான். முழங்கைப் பக்கம் மட்டும் மரக்க ஊசி போட்டுச் சிறிதாகக் கீறுவார்கள். தமனியைத் திறந்து, பலூன் சுருங்கிய நிலையில் குழாயைக் கட்டியைத் தாண்டிச் செலுத்துவார்கள். அப்புறம் பலூனை உப்பவைத்து மெல்ல இழுப்பார்கள். கட்டி அப்படியே வெளியே வந்துவிடும். நோயாளி விழித்திருக்கும்போதே விரல்களில் சூடு திரும்பும். அனுபவமுள்ள பொது அறுவை மருத்துவரும் இதைச் செய்யலாம். ஆனால் தசையும் நரம்பும் ரத்தமில்லாமல் தாக்குப்பிடிப்பது சுமார் ஆறு மணி நேரம்தான். பிந்தி ரத்தத்தைத் திறந்துவிட்டால், வீங்கும் தசையைத் தளர்த்த முன்கைத் தோலையும் உறையையும் நீளமாகக் கீறிவிட வேண்டியிருக்கும். கையைக் காப்பாற்ற முடியாமலும் போகலாம். கட்டி மேலும் வளராமல் தடுக்கும் ஹெபாரின் ஊசியை முதலில் சேரும் ஆஸ்பத்திரியிலேயே, மருத்துவர் பார்த்து, தொடங்கலாம். புன்னக்காயலிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஆறு மணி நேரத்தை விழுங்குவது அந்தப் பயணம் அல்ல, அதற்கு முன்னால் வீட்டில் நடக்கும் எண்ணெய்த் தடவலும் ஒத்தடமும்தான். ரத்தம் வராத கைக்குச் சூடு தெரியாது, ஒத்தடத்தில் வெந்துபோகும். நீவுவதால் அடைப்பு திறக்காது. கையைத் துணியால் தளர்வாகச் சுற்றி, 108ஐ அழைத்து, "கை திடீரென்று வெளுத்துவிட்டது, நாடி இல்லை" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள்.

கட்டியை எடுத்ததோடு சிகிச்சை முடிவதில்லை. வால்வு நோயுள்ளவர் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதன் அளவை ரத்தப் பரிசோதனையால் சரிபார்க்க வேண்டும். பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றன. ஆனால் ருமாட்டிக் வால்வு நோயோடு துடிப்பும் தாறுமாறானவர்களுக்கு வார்ஃபரின் வகைப் பழைய மாத்திரைதான் நல்லது என்று 2022இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. கை சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்துகிறவருக்கு அடுத்த கட்டி மூளைக்கும் போகலாம்.

இனி, மெதுவாக வரும் நோய்களில் நம் பகுதி முக்கியமாகக் கவனிக்க வேண்டிய ஒன்று. நாற்பது நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஓர் ஆண். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை. விரல் நுனியில் ஆறாத புண், ராத்திரி தூங்கவிடாத வலி, நுனி கருக்கத் தொடங்குகிறது. கேட்டால் பல வருஷமாகப் பீடி. இதற்குப் பெயர் பர்கர் நோய். நியூயார்க்கில் லியோ பர்கர் என்ற மருத்துவர் வெட்டி எடுக்கப்பட்ட 11 கைகால்களின் ரத்தக்குழாய்களை ஆராய்ந்து 1908இல் இதை விவரித்தார். கை, காலின் சிறிய, நடுத்தரக் குழாய்கள் அழன்று உள்ளே ரத்தம் உறைந்து மூடிக்கொள்கின்றன. பெரும்பாலும் காலில் தொடங்கும், கையையும் விடாது. மேற்கு ஐரோப்பாவில் கைகால் தமனி நோயுள்ளவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு மேல் இது இல்லை. இந்தியாவில் முன்பு வந்த ஆய்வுகளில் நூற்றுக்கு 45 முதல் 63 பேர்வரை இருந்திருக்கிறார்கள்.

காரணம் புகையிலை. 2016-17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 7.7 பேர் பீடி பிடித்தார்கள். சிகரெட் பிடித்தவர்கள் 4 பேர். பீடி இலை எளிதில் அணைந்துவிடும் என்பதால் அடிக்கடி, ஆழமாக இழுக்க வேண்டியிருக்கிறது. உள்ளே போகும் நிகோட்டினும் கார்பன் மோனாக்சைடும் அதற்கேற்பக் கூடுகின்றன. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றித்தான் ஆயிரக்கணக்கான பெண்கள் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்களுக்கு வேறு நல்ல வேலை கிடைக்கச் செய்வது அரசின் கடமை. அந்தப் பீடியைப் பற்றவைக்கிறவரின் விரலைக் காப்பது மருத்துவத்தின் கடமை.

பர்கர் நோயில் மருந்து, ஊசி, அறுவை எல்லாம் இரண்டாம் வரிசைதான். கடைசிக் கிளைகளே மூடிவிடுவதால் மாற்றுக்குழாய் வைத்துத் தைக்க இடம் கிடைப்பது அரிது. புரோஸ்டாகிளாண்டின் வகைச் சொட்டு மருந்து குழாய்களை விரித்து வலியைத் தணிக்கும், புண்ணை ஆற்ற உதவும். குழாய்களைச் சுருங்கவைக்கும் நரம்பைத் துண்டிக்கும் அறுவை சிலருக்குப் பலன் தரும். நோயை நிறுத்துவது ஒன்றே ஒன்று: புகையிலையை முற்றிலும் விடுவது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் மருத்துவர்கள் தொடர்ந்து கவனித்த நோயாளிகளில், புகையை விட்டவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத்தான் உறுப்பு போயிற்று. விடாதவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் ஏதாவது ஓர் உறுப்பை இழந்தார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை எந்த மாத்திரையும் தந்ததில்லை. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு என்று குறைப்பது போதாது. மென்று துப்பும் புகையிலையும் ஆகாது. நிகோட்டின் ஒட்டும் பட்டைகூட இந்த நோயைக் கிளறிவிடலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் அதையும் தொடக் கூடாது. விட முடியவில்லை என்றால் வெட்கப்பட ஒன்றுமில்லை, அது அடிமைத்தனம் தரும் பொருள். 1800 112 356 என்ற அரசின் இலவச எண்ணில் பேசி உதவி கேட்கலாம்.

பெண்கள் கவனிக்க வேண்டியது வேறு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பானின் மிகிட்டோ டக்கயாசு என்ற கண் மருத்துவர், ஓர் இளம்பெண்ணின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் பின்னிக்கிடப்பதைக் கண்டு மருத்துவர் கூட்டத்தில் சொன்னார். அதே கூட்டத்தில் வேறு இரண்டு பேர், தங்கள் நோயாளிகளிலும் அப்படிக் கண்டதாகவும், அவர்களுக்கு மணிக்கட்டில் நாடியே இல்லை என்றும் சொன்னார்கள். இன்று டக்கயாசு நோய் என்கிறோம். பெருந்தமனியும் அதன் கிளைகளும் அழன்று தடித்துக் குறுகுகின்றன. பெரும்பாலும் 40 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு, குறிப்பாக ஆசியாவில் வருகிறது. துணி துவைக்கும்போதும் தலை சீவும்போதும் கை சோர்ந்துபோகும். காய்ச்சல், உடல் மெலிவு, தலைசுற்றல் இருக்கும். இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. கைக்குழாய் குறுகியதால் கையில் பிரஷர் குறைவாகக் காட்டும். உள்ளே பெருந்தமனியில் அது ஏறிக் கிடக்கலாம். "உனக்கு லோ பிரஷர்" என்று சொல்லிவிடுவார்கள். இதயமும் மூளையும் சிறுநீரகமும் கெட்டுக்கொண்டே போகும். இவர்களுக்குக் காலிலும் பிரஷர் பார்க்க வேண்டும்.

டக்கயாசுவில் முதல் மருந்து ஸ்டீராய்டு. அதோடு எதிர்ப்பாற்றலின் மிகைவேகத்தைத் தணிக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள். அழற்சி அடங்கிய பிறகுதான் பலூனால் குழாயை விரிக்கலாம். அவசரப்பட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். அழற்சி அடங்கிவிட்டதா என்று மருத்துவர் அளந்தறிய இந்திய மருத்துவர்களே சேர்ந்து ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பங்கு அதில் பெரியது. இப்போது அதை மற்ற நாடுகளும் பயன்படுத்துகின்றன.

வயதானவர்களுக்கு, முக்கியமாகப் புகை, சர்க்கரை, கொழுப்பு உள்ளவர்களுக்கு, காறை எலும்புக்கு அடியிலுள்ள தமனி தொடங்கும் இடத்திலேயே கொழுப்புப் படிந்து குறுகலாம். இடப்பக்கம் இது அதிகம். அப்போது உடம்பு ஒரு குறுக்குவழி தேடுகிறது. பிடரி வழியாக மூளைக்கு ஏறும் தமனியில் ரத்தம் திசை மாறிக் கீழிறங்கிக் கைக்கு வருகிறது. 1961இல் அமெரிக்க மருத்துவர்கள் இதை நோயாளிகளிடம் காட்டினார்கள். கையால் கடுமையாக வேலை செய்தால் தலை சுற்றும், கண் இருட்டும். மூளையின் பங்கைக் கை எடுத்துக்கொள்வதுதான் காரணம். மூளைக்கோ கைக்கோ தொந்தரவு இல்லாதவருக்கு மாத்திரையும் கொழுப்புக் கட்டுப்பாடும் போதும். தொந்தரவு இருந்தால் பலூனும் ஸ்டெண்டும் வைப்பார்கள், அல்லது கழுத்துத் தமனியிலிருந்து மாற்றுக்குழாய் தைப்பார்கள்.

ஐஸோடு வேலை செய்கிறவர்களுக்கு வருவது பெரும்பாலும் குழாய் அடைப்பு இல்லை, குழாய் சுருக்கம். மீன் பதப்படுத்தும் இடங்களில் நிற்கும் பெண்களுக்கு விரல்கள் முதலில் வெள்ளையாகி, பிறகு நீலமாகி, சூடு ஏறும்போது சிவந்து எரியும். 1862இல் பாரிஸில் மோரிஸ் ரேனாடு எழுதிய ஆய்விலிருந்து இதற்கு ரேனாடு என்று பெயர். உள்ளே பருத்திக் கையுறையும் மேலே ரப்பர் கையுறையும் போடுவதும், நடுவில் ஓய்வெடுத்துக் கையைச் சூடாக்குவதும், கைகள் மட்டுமல்ல உடம்பு முழுவதும் குளிராமல் பார்ப்பதும் பலருக்குப் போதும். போதாவிட்டால் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தருவார். ஒற்றைத் தலைவலிக்கான சில மாத்திரைகளும் இதயத் துடிப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளும் இதை அதிகமாக்கலாம்; சாப்பிடும் மருந்துகளை எல்லாம் சொல்ல வேண்டும். ஒரு கையில் மட்டும் வந்தாலோ, விரலில் புண் வந்தாலோ, தோல் இறுகினாலோ அதற்குப் பின்னால் வேறு நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்த நோய்களில் பலவற்றுக்கும் பொதுவான ஒரு தடயம் இருக்கிறது. இரண்டு கைகளும் ஒன்றுபோல் இல்லாமல் போவது. நம் மருத்துவப் பழக்கமோ ஒரு கையோடு நின்றுவிடுகிறது. சித்த மரபில் ஆணுக்கு வலக்கையிலும் பெண்ணுக்கு இடக்கையிலும் நாடி பார்ப்பது வழக்கம். ஆஸ்பத்திரியிலும் பிரஷர் பட்டையைக் கிட்டத்தில் உள்ள கையில் கட்டிவிட்டு முடித்துவிடுகிறார்கள். 2012இல் லான்செட் இதழில், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் எழுதினார்கள்: இரண்டு கையின் மேல் அளவில் 15 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் தமனி நோய் இருக்கும் வாய்ப்பும் இதய நோயால் இறக்கும் வாய்ப்பும் கூடுகின்றன. குறைவாகக் காட்டும் கையில்தான் பெரும்பாலும் குறுகல் இருக்கும். கூடுதலாகக் காட்டும் கையின் அளவுதான் உண்மையான பிரஷருக்கு நெருக்கமானது. இந்த இரண்டாவது அளவுக்கு ஸ்கேனும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊர் ஊராக, வீட்டு வாசலுக்கே வந்து பிரஷர் பார்க்கிறார்கள். அவர்கள் முதல் முறை வரும்போது மட்டும் இரண்டு கையிலும் அளந்து, இரண்டையும் அட்டையில் எழுதிவைத்தால், டக்கயாசு நோயும் தமனிக் குறுகலும் முற்றும் முன்பே பலரிடம் பிடிபடும். சுகாதாரத் துறை இதை ஒரு விதியாகவே வைக்க வேண்டும். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை பட்டையைக் கட்ட வரும்போது, "இந்தக் கையிலும் ஒரு தடவை பாருங்க" என்று மறு கையை நீட்டுங்கள். கடலுக்குப் போகிறவரும், வீட்டில் இருக்கிற அம்மாவும், பீடியைக் கையில் வைத்திருக்கிற அண்ணனும் எல்லாரும் நீட்டட்டும். இரண்டு அளவுக்கும் வித்தியாசம் இருந்தால் எண்ணெயைத் தேடாமல் மருத்துவரைத் தேடுங்கள்.